நிலவறைக் கணக்கு

வீடு ஊல்டிஸுக்கு.
கார் எனக்கு. நாய் தானே முடிவுசெய்து
அவன் பின்னால் போய்விட்டது.
வால்மியெராவின் வக்கீலம்மா
மூன்று பக்கம் தட்டச்சு செய்து தந்தாள்.
நிலவறையைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

அக்டோபர் பதினேழு. முதல் உறைபனி
பூசணிக்கொடியைக் கறுக்க வைத்த மறுநாள்.
ஆறு படி இறங்கி விளக்கைப் போட்டோம்.
அறுபத்தொரு ஜாடிகள்
கண் கூசி எங்களைப் பார்த்தன.

கொத்தியது நான், என்றான்.
முளைக்க வைத்தது நான், என்றேன்.
மார்ச் முழுக்க ஜன்னல் விளிம்பில்,
தயிர் டப்பாக்களில்,
உன் காலுறை காயும் ஹீட்டருக்கு மேலே.
தண்ணீர் சுமந்தது?
களை பறித்தது?
நத்தை?

நத்தையை மட்டும் இருவரும் பொறுக்கினோம்,
ஜூலை இரவுகளில், நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு,
முட்டைக்கோஸ் பாத்திக்கு இந்தப் பக்கம் ஒருவர்
அந்தப் பக்கம் ஒருவர்.
வாளியில் 'டக்' என்று விழும் சத்தம் தவிர
பேச்சே இல்லை.
இருவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.
பேச்சு அங்கேயே நின்றது.

வெள்ளரிக்குச் சதகுப்பி, பூண்டு,
கருப்பு கரன்ட் செடியின் இலை மூன்று,
ஓக் இலை ஒன்று. அது இருந்தால்தான்
பிப்ரவரியிலும் பல்லுக்கடியில் நொறுங்கும்.
உப்பு எவ்வளவு என்று
என் கைக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
இட்டவள் நான்.
உள்ளளவு என்பது
முப்பது ஜாடியா, முப்பத்தொன்றா?

சீட்டுப் பிரிப்பதுபோல் பிரித்தோம்.
உனக்கொன்று, எனக்கொன்று,
பீட்ரூட், பீட்ரூட்,
காரட் சீவிப்போட்ட கோஸ், கோஸ்.
கிராம்பு மணக்கும் பூசணி வந்தபோது
ஏழு ஜாடியையும் கேட்காமலே
என் பக்கம் தள்ளினான்.
அவனுக்குப் பூசணி பிடிக்காது. அவ்வளவுதான்.
பழுக்காத தக்காளியை
நானும் அவன் பக்கம் தள்ளினேன்.
எனக்கு அது பிடிக்கும்.

மீந்தது ஒன்று. மூடி உப்பியிருந்தது.
உள்ளே எதுவோ மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது.
இதை யாரும் சாப்பிடக்கூடாது, என்றேன்.
தெரியும், என்றான்.
மண்வெட்டியோடு வெளியே போனவன்
வெகுநேரம் கழித்துத்தான் வந்தான்.

ஜாடிகள் என்னுடையவை, என்றேன் கிளம்பும்போது.
காலியானதும் வேண்டும்.
வேறென்ன சொல்வது.

மூன்றாம் மாடியில் நிலவறை இல்லை.
கண்ணாடி அடைத்த பால்கனியில்
பழைய கோட்டுகளைப் போர்த்தி வைத்தேன்,
அகதிக் குடும்பம்போல் ஒண்டிக்கொண்டிருந்தன.
மைனஸ் இருபத்திரண்டு அடித்த இரவு
எழுந்து எழுந்து தொட்டுப் பார்த்தேன்.
ஒன்றும் வெடிக்கவில்லை.

மூன்று லிட்டர் ஜாடி ஓர் ஆளுக்கானதல்ல.
திறந்தால் பத்து நாள்.
காலையில் வெள்ளரி, இரவில் வெள்ளரி,
நின்றபடியே, முள்கரண்டியால்.
பாதியை எதிர்வீட்டு இங்குனாவிடம் கொடுத்தேன்.
பேக்கரியில் இரவு ஷிஃப்ட் பார்ப்பவள்.
மறுநாள் கதவுப்பிடியில்
சூடு ஆறாத கம்பு ரொட்டி தொங்கியது.
ஊறல் தண்ணீரையும் குடித்துவிட்டேன் என்றாள்,
உதட்டைத் துடைத்துக்கொண்டு.
எவ்வளவு உப்பு போடுவாய்?
தெரியாது, என்றேன்.
வா, ஆகஸ்டில் கையைப் பார்.
சொன்ன பிறகுதான் உறைத்தது,
ஆகஸ்டில் என்னிடம் தோட்டம் இல்லை.

ஏப்ரலில் வாசலில் இரண்டு பெட்டி.
கடிதம் இல்லை. பெட்டிக்குள் நாய் முடி.
எண்ணினேன்: இருபத்தொன்பது.
உடைந்ததா, ஒளித்து வைத்தானா,
இன்னும் தின்று முடிக்கவில்லையா?
மண் முழுக்க அவனிடம்.
ஜாடி, ஒன்று குறைய, என்னிடம்.
பால்கனியில் நாலு தொட்டி வைக்கலாம்,
வெயில் மதியத்துக்குமேல்தான் வரும்.

ஒரு மூடியைத் திருகி முகர்ந்தேன்.
சதகுப்பி.
சரியாகக் கழுவவில்லை,
எப்போதும்போல.